அலமாரியைத் தாங்கிய கை

தச்சர் வந்தபோது மதியம்தான். ஆனால் மழை மூட்டத்தில் வீடு இருட்டிக் கிடந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கருவிப் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, "எங்க சார் அலமாரி?" என்று கேட்டார்.

"சமையலறையில. சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடணும் தம்பி. பொண்ணு வரா."

வீட்டுக்காரருக்கு அவசரம். மகள் வந்தால் நேராகச் சமையலறைக்குத்தான் போவாள். அந்தச் சுவர் அலமாரியைத் திறப்பாள். அது ஆடும். எத்தனை நாளாக ஆடுகிறது என்று கேட்பாள். அந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்று அவருக்குத் தெரியும்.

அலமாரி ஆட ஆரம்பித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. மனைவி சொல்லாத நாளில்லை. "ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்" என்பார் அவர். ஞாயிற்றுக்கிழமையும் வரும். செய்தித்தாள், சாப்பாடு, குறட்டை என்று போயும் விடும். அவளும் சொல்லி அலுத்து, தானே ஒரு வழி கண்டுபிடித்தாள். வலது கையால் கதவைத் திறக்கும்போது இடது உள்ளங்கையை அலமாரியின் அடியில் முட்டுக்கொடுப்பாள். ரொட்டிக்கு மாவு பிசைந்த கை. அடிப்பலகையின் இடது மூலையில் வெள்ளையாக ஒரு கைத்தடம் விழுந்து, துடைத்தாலும் மறுநாள் விழும். வேலை முடிந்ததும் இரண்டு கைகளையும் இரண்டு தட்டுத் தட்டிக்கொண்டு வெளியே வருவாள். அந்தச் சத்தம் கேட்டால் இவருக்குச் சாப்பாடு தயார் என்று அர்த்தம்.

பிறகு அவளுக்கு இடது தோள் வலித்தது. முழங்கை வரை இறங்குகிறது என்றாள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றாள்.

"அலமாரி தாங்கின வலிதான். ஞாயித்துக்கிழமை ஸ்க்ரூ போட்டுட்டா தோளும் சரியாயிடும்" என்றார் இவர். நல்ல நகைச்சுவை என்றுதான் நினைத்தார். அவளும் சிரித்தாள்.

சனிக்கிழமை காலையில் அந்த அலமாரிக்கு நேர் கீழே விழுந்து கிடந்தாள்.

"தோள்வலி, நெஞ்சுவலின்னு முன்னாடி ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டார் மருத்துவர். பக்கத்தில் மகள் நின்றாள். "ஒண்ணும் சொல்லல" என்றார் இவர். பயத்தில் வந்த பொய். அன்றிலிருந்து அதையே கட்டிக்கொண்டு அழுகிறார்.

தச்சர் ஸ்டூலில் ஏறி, அலமாரிக்குள் தலையை விட்டு, டார்ச் அடித்துப் பார்த்தார்.

"சார், இது எதுல நிக்குது?"

"ஏன்?"

"மேல ரெண்டு ஸ்க்ரூவும் வெளிய வந்து கிடக்கு. சுவத்துல வெறும் ஓட்டைதான் இருக்கு. இது எப்பவோ விழுந்திருக்கணுமே." அவர் உச்சுக்கொட்டினார். "சரி, அடியில தாங்கிப் பிடிங்க. நான் புதுசா துளை போட்டுக்கறேன்."

அந்த நேரம் பார்த்து ஹாலில் போன் அடித்தது. டிரில்லிங் மெஷின் சத்தத்தில், "இதோ வந்துடறேன்" என்று இவர் சொன்னது தச்சர் காதில் விழவில்லை.

மகள்தான். "பஸ் ஏறிட்டேம்பா. சாப்பிட்டீங்களா?"

சமையலறையில் மெஷின் நின்றது. "ஆங், அப்படியே பிடிங்க சார்" என்றது தச்சரின் குரல். "இடது பக்கம் கொஞ்சம் தூக்குங்க... இன்னும் கொஞ்சம்... போதும் போதும்."

வீட்டுக்காரர் போனும் காதுமாக அப்படியே நின்றார்.

வீட்டில் வேறு யாரும் இல்லை.

"அப்பா, இருக்கீங்களா? ஒண்ணு கேக்கணும்பா. மனசே ஆறல. அம்மா நிஜமாவே முன்னாடி ஒண்ணும் சொல்லலையா?"

"ஒண்ணும் சொல்லலம்மா."

"ஐயோ, விட்டுடாதீங்க சார்!"

போனைப் போட்டுவிட்டு ஓடினார். அலமாரி ஒரு பக்கமாகச் சரிந்து தச்சரின் தலையில் உட்கார்ந்திருந்தது. இவர் பாய்ந்து இடது மூலையில் கையைக் கொடுத்தார். அம்மாடி, என்ன கனம்! இதையா அவள் தினமும் தாங்கினாள்? பலகை அந்த இடத்தில் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது.

"என்ன சார் நீங்க, இவ்வளவு நேரம் கல்லு மாதிரி பிடிச்சுட்டு திடீர்னு கையை எடுத்துட்டீங்களே!"

"நான் ஹால்ல இருந்தேன் தம்பி. போன் பேசிட்டு இருந்தேன்."

தச்சர் மெல்லக் குனிந்து அவருடைய கைகளைப் பார்த்தார். சுத்தமான கைகள்.

"அப்ப..." குரல் இறங்கிவிட்டது. "இடுக்குல கீழ பாத்தேன் சார். விரல் தெரிஞ்சுது. மாவு ஒட்டின விரல். சார் சமைச்சுட்டு இருந்தீங்க போலன்னு நெனச்சேன்."

மனைவி போன பிறகு அந்த வீட்டில் மாவு வாங்கியதே இல்லை.

தச்சர் நாலு பெரிய போல்ட்டுகளை முறுக்கினார். போட்ட டீயைத் தொடாமல், ஸ்க்ரூ டிரைவரைக்கூட மேடையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். வீட்டுக்காரர் துணியை நனைத்து, அடிப்பலகையிலிருந்த மாவுத்தடத்தை அழுத்தித் துடைத்தார். துடைக்கும்போது அவமானமாக இருந்தது. ஆனாலும் ஒரு பொட்டு வெள்ளைகூட இல்லாமல் துடைத்தார்.

மாலையில் மகள் வந்தாள். அலமாரியைத் திறந்தாள், மூடினாள். அது அசையவே இல்லை. பிழைத்தோம் என்று அவர் நாற்காலியில் சாய்ந்தபோதுதான் இடது தோளில் ஏதோ அழுத்தியது.

வலி.

முழங்கைக்கு இறங்கியது. மூச்சு முட்டியது.

"என்னப்பா, முகமெல்லாம் வேர்த்திருக்கு?"

"தோள் வலிக்குதும்மா."

மகள் பக்கத்தில் வந்து நின்றாள். "இது என்ன, சட்டையில மாவு? விரல் விரலா பதிஞ்சிருக்கு." தட்டிவிட்டாள். போகவில்லை. பிறகு சிரித்தாள். "மத்தியானம் ஆசாரியோட சேந்து அலமாரியத் தூக்கினீங்களா?"

"ம்."

"அதான். அலமாரி தாங்கின வலிதாம்பா. வேற ஒண்ணுமில்ல."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவளுக்கு எதுவும் தெரியாது. அம்மாவின் சிரிப்பு அப்படியே அவள் முகத்தில் இருந்தது. இதே வலியத்தான் உங்க அம்மாவும் சொன்னா, நான்தான் கேக்கல. என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. இவ்வளவுதான் சொல்ல வேண்டும். சொன்னால் பிழைக்கலாம். ஆனால் சொன்ன பிறகு இந்த முகத்தை எப்படிப் பார்ப்பது?

தோளில் விரல்கள் ஒருமுறை அழுத்தின. சொல்லுங்க என்பதுபோல.

வாயைத் திறந்தார். மகள் காத்திருந்தாள்.

"ஒண்ணுமில்லம்மா" என்றார். "ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்."

தோளிலிருந்து கை எடுபட்டது. வலி மட்டும் அங்கேயே இருந்தது.

ஆளில்லாத சமையலறையில், வேலை முடிந்த இரண்டு கைகள் இரண்டு முறை தட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது.