மெத்தையில் ஒரு திமிங்கிலம்

கடுகுக்கு அந்த ஊரில் தெரிந்தவர்கள் மொத்தமே மூன்று பேர். அம்மா, ஆற்றங்கரைப் பாதையைப் பெருக்கும் அக்கா, அப்புறம் சக்கரம்.

கடுகு என்பது பழைய பள்ளியில் கிடைத்த பட்டம். வகுப்பிலேயே அவள்தான் குள்ளம். புதுப் பள்ளியில் பட்டம் வைக்கக்கூட அவளுக்கு ஆளில்லை. சேர்ந்து ஒரு மாதமாகியும் தனியாகத்தான் சாப்பிட்டாள். மாலையில் வீட்டுக்கு வந்தால் பூட்டுதான் வரவேற்கும். அம்மா பேருந்து ஓட்டுநர். ஏழு மணிக்குத்தான் வருவார். அதுவரை நாலாவது மாடியில் பிரிட்ஜ் உறுமுவதைக் கேட்டுக்கொண்டு எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருப்பது? ஆற்றங்கரைக்குப் போய்விடுவாள்.

அங்கே பாதை வளையும் இடத்தில் ஒரு பச்சை பெஞ்சு உண்டு. ஒருநாள் ஸ்கேட்டிங் ஷூ போட்ட ஒரு பெண் வேகமாக வந்து அதில் மோதினாள். கத்தியது என்னவோ கடுகுதான்.

"அடிபட்டது எனக்கு. நீ ஏன் கத்துற?" என்றாள் அவள். அவள்தான் சக்கரம். அன்றிலிருந்து இருவரும் தினமும் அந்த பெஞ்சில் சந்தித்தார்கள்.

ஒரு திங்கட்கிழமை பெஞ்சை ஒட்டி யாரோ ஒரு மெத்தையைப் போட்டிருந்தார்கள். செவ்வாயன்று கால் உடைந்த நாற்காலி ஒன்று வந்தது. புதனன்று மெத்தைக்குப் பின்னால் இரண்டு மூட்டைகளும் சேர்ந்துவிட்டன. நடக்க வருபவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பாதி வழியிலேயே திரும்பினார்கள்.

"ஒருத்தர் போட்டா போதும், ஊரே வந்து போடும்" என்று அக்கா துடைப்பத்தை ஊன்றி நின்றார். "என் தள்ளுவண்டியில மெத்தை ஏறுமா? பெரிய சாமான் எடுக்கிற லாரி சனிக்கிழமைதான் வரும். அதுவும் மேல ரோட்டோட சரி."

அன்று சக்கரத்தின் ஒரு ஷூவில் மஞ்சள் நாடா, இன்னொன்றில் வெள்ளை நாடா.

"எங்க அண்ணன் ஒரு நாடாவ எடுத்துத் தொலைச்சுட்டான்" என்று முறையிட்டவள், மெத்தையின் ஓரத்தைப் பார்த்துச் சிரித்தாள். "ஏய், யாரோ கத்திரிக்கா வரைஞ்சிருக்காங்க!"

கடுகு பார்த்தாள். அது கத்திரிக்காய் இல்லை, திமிங்கிலம். ஆறு வயதில் அவளே நீலப் பேனாவால் வரைந்து, அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட திமிங்கிலம்.

"இதெல்லாம் இங்க போட்டவங்க யாருன்னு தெரியட்டும். அவங்ககூட ஜென்மத்துக்கும் பேசமாட்டேன்!" என்றாள் சக்கரம்.

கடுகு மெல்ல நகர்ந்து திமிங்கிலத்தை மறைத்துக்கொண்டு நின்றாள்.

அம்மா வேலை முடிந்து வந்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அம்மா பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றார்.

"புதுக் கட்டில் கொண்டுவந்த வண்டிக்காரர்கிட்டதானே குடுத்தேன்! குப்பைக் கிடங்குல சேர்த்துடறேன்னு சொன்னாரேடி!"

வண்டிக்காரரின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

"சரி விடு. சனிக்கிழமை எனக்கு லீவு. விடியறதுக்குள்ள போய் மேல ரோட்டுல போட்டுட்டு வந்துடலாம். யாருக்கும் தெரியாது."

கடுகுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் சாப்பாடு இறங்கவில்லை. சக்கரத்துக்குத் தெரியாமல் இருக்கலாம். அவள் பக்கத்தில் உட்காரும்போதெல்லாம் தனக்குத் தெரியுமே.

"எட்டு மணிக்குப் போலாம்மா. சனிக்கிழமைன்னா சக்கரம் அப்பதான் வருவா."

"சரிடி" என்றார் அம்மா.

சனிக்கிழமை அம்மாவும் அக்காவும் மெத்தையின் ஒரு முனையைத் தூக்கினார்கள். கடுகு மறுமுனையைப் பிடித்து முக்கினாள். கடகடவென்று சக்கரம் வந்து நின்றாள்.

"அந்தத் திமிங்கிலம் நான் வரைஞ்சது" என்றாள் கடுகு. "இது எங்க வீட்டு மெத்தை. புதன்கிழமையே தெரியும். சொல்ல பயமா இருந்துச்சு."

சக்கரம் மெத்தை இருந்த இடத்தையே வெறித்துப் பார்த்தாள். அவள் முகம் சுருங்கியது. சட்டென்று திரும்பிப் போய்விட்டாள்.

மெத்தையும் நாற்காலியும் லாரியில் ஏறின. மூட்டைகளில் உடைந்த டைல்ஸ் இருந்தது. அவற்றை அசைக்கக்கூட முடியவில்லை. "அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று அக்கா வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "ஆனா இந்தக் கடுகுக்குக் காரம் ஜாஸ்திதான்!"

கடுகுக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வாரம் முழுவதும் சக்கரம் வரவே இல்லை. கடுகு தினமும் பெஞ்சின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து, மறு ஓரத்தைக் காலியாகவே வைத்திருந்தாள். ஒரு தாத்தா உட்கார வந்தபோதுகூட, "ஆள் வருது" என்று சொல்லிவிட்டாள். அப்புறம் இருட்டும்வரை யாரும் வரவில்லை. அன்று அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை சக்கரம் நடந்தே வந்தாள். ஷூ இரண்டும் கையில் இருந்தன. பின்னால் ஓர் உயரமான அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு கைவண்டியைத் தள்ளி வந்தான்.

"இந்த மூட்டை ரெண்டும் எங்க வீட்டுது" என்றாள் சக்கரம். ஒரு மூட்டையின் வாயில் மஞ்சள் நாடா இறுக்கிக் கட்டியிருந்தது. "குளியலறைல உடைச்ச டைல்ஸ். ஏன்டா இங்க போட்டன்னு கேட்டா, 'அங்கதான் ஏற்கெனவே மெத்த கெடந்துச்சே'ங்கிறான்."

"நீ என்மேல கோவமா இருக்கன்னு நெனச்சேன்."

"உன்மேலயா? இத போட்டவங்ககூட ஜென்மத்துக்கும் பேசமாட்டேன்னு சொன்னேன்ல? அது எங்க வீடுன்னு தெரிஞ்சதும் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உன்கிட்ட வர்றது?"

கடுகு யோசித்தாள். "எனக்கு இந்த ஒரு வாரமே ஒரு ஜென்மம் மாதிரி இருந்துச்சு. அது முடிஞ்சுபோச்சுன்னு வச்சுக்கலாமா?"

"வச்சுக்கலாம்" என்றாள் சக்கரம் வேகமாக.

அண்ணன் மூட்டைகளை அவிழ்த்து, டைல்ஸைக் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளி வண்டியில் ஏற்றிக்கொண்டு, முணுமுணுத்தபடி மேட்டில் தள்ளிப் போனான். சக்கரம் பெஞ்சின் காலி ஓரத்தில் உட்கார்ந்து வெள்ளை நாடாவை உருவினாள். மூட்டையிலிருந்து அவிழ்த்த மஞ்சள் நாடா அழுக்கேறிக் கிடந்தது. அதை ஊதித் தட்டிக் கோர்க்க ஆரம்பித்தாள்.

ஷூ நழுவாமல் இருக்க, கடுகு அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.