கிளெமென்ட் மாமாவின் பீரோ

ஷைனிக்குத் தனி அறை கிடைத்த நாளிலிருந்து அவள் கால் தரையில் பாவவில்லை.

தனி அறை என்றதும் பெரிய மாளிகையை நினைத்துக்கொள்ளாதீர்கள். திண்டுக்கல்லில் அவர்கள் வீட்டின் பின்பக்கம், இவ்வளவு காலமும் அரிசி மூட்டையும் ஓடாத மிக்சியும் கால் உடைந்த நாற்காலியும் குடியிருந்த அறைதான் அது. அப்பா இனிகோ அதைக் காலி செய்து, சுவருக்கு வெள்ளையடித்து, "ஆறாம் வகுப்பு வந்தாச்சு. இனிமே இது ஒன் ரூம்" என்று சொல்லிவிட்டார்.

ஷைனி சும்மா இருப்பாளா? அம்மாவின் பழைய சேலை ஜன்னலுக்குத் திரையானது. சுவரில் காகிதப் பூக்கள் ஏறின. கட்டிலுக்கு மேலே குட்டி விளக்குச் சரம் தொங்கியது. பேனா, பென்சில் போட்டுவைக்க ஒரு ஜாம் பாட்டிலுக்கு வண்ணக் கம்பளி நூல் சுற்றி மேசைமேல் வைத்தாள். எல்லாம் ஜோராக அமைந்துவிட்டது. ஒன்றே ஒன்றுதான் அவள் கண்ணை உறுத்தியது.

அந்தப் பீரோ!

காப்பிப்பொடி நிறத்தில், காலில் துருவோடு, சுவர் ஓரமாக நின்றது அது. கதவைத் திறந்தால் 'ங்ஙே' என்று கத்தும். போதாததற்கு அதன் நெற்றியில் கோணல்மாணலாகச் சிவப்பு எழுத்துகள் வேறு: 'தங்கை ரோசலினுக்கு அண்ணன் கிளெமென்ட் அன்பளிப்பு.'

ரோசலின் என்பது ஷைனியின் அம்மா. கிளெமென்ட், கன்னிவாடியில் முருங்கைத் தோட்டம் வைத்திருக்கும் ஷைனியின் மாமா. பிறந்ததிலிருந்து பார்த்துப் பார்த்து, அந்த எழுத்துகள் இருப்பதே ஷைனிக்கு மறந்துபோயிருந்தது. இப்போதுதான் அவை பூதம் மாதிரிக் கண்ணுக்குத் தெரிந்தன. காரணம், வகுப்புத் தோழி தீபா. "திங்கக்கிழம சாயங்காலம் ஒன் ரூமப் பாக்க வாரேன்" என்று அவள் சொல்லியிருந்தாள். தீபா வீட்டு அலமாரியில் ஆள் உயரத்துக்குக் கண்ணாடி உண்டு.

"அம்மா, இந்தப் பீரோவ ஒங்க ரூமுக்குக் கொண்டுபோயிரலாம்மா."

"அது எப்படிப் போகும்? அத உள்ள வச்சதுக்கு அப்புறந்தான் இந்த ரூமுக்குக் கதவு நெலையே வச்சோம். அது நகராது. வேணும்னா நீ நகர்ந்துக்கோ" என்று சிரித்தாள் அம்மா.

சனிக்கிழமை வந்தது. சாணார்பட்டியில் சொந்தக்காரர் வீட்டில் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று அம்மா காலையிலேயே பஸ் ஏறிவிட்டாள். அப்பா பள்ளிக்கூட ஆசிரியர். கூடத்தில் விடைத்தாள்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஷைனி மெதுவாகப் பக்கத்தில் போனாள்.

"அப்பா, மாடிக் கம்பிக்கு அடிச்ச நீலப் பெயின்ட் மிச்சம் இருக்குல்ல? பீரோவுக்கு அடிக்கட்டுமா? அம்மா வந்து பாத்து அப்படியே அசந்துபோகணும்."

"ம்... அடி, அடி. தரையில சிந்திறாத" என்றார் அப்பா. தலை நிமிரவில்லை.

இதற்குமேல் என்ன வேண்டும்? ஷைனி பழைய கவுனை மாட்டிக்கொண்டு வேலையில் இறங்கினாள்.

முதலில் எழுத்துகளின் மேல் ஓர் இழுப்பு இழுத்துப் பார்த்தாள். வெளிர் நீலத்துக்குள்ளிருந்து 'ரோசலினுக்கு' எட்டிப் பார்த்தது. துணியால் துடைத்துவிட்டு, அப்பாவின் பெட்டியிலிருந்து உப்புத்தாளை எடுத்து வந்தாள். நாற்காலிமேல் ஏறி நின்று, தேய் தேய் என்று தேய்த்தாள். தோள் கடுத்தது. அவளா விடுபவள்? சிவப்புப் பொடி கவுனெல்லாம் கொட்டியது. கடைசி எழுத்தும் மறைந்த பிறகுதான் கீழே இறங்கினாள். அப்புறம் பீரோ முழுக்க நீலம் பூசி முடித்தபோது அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. வானத்தில் ஒரு துண்டை வெட்டி வைத்ததுபோல் அத்தனை அழகு!

அம்மா வரும் சத்தம் கேட்டதும் ஓடிப்போய் அவள் கண்ணைப் பொத்தி, அறைக்குக் கூட்டி வந்தாள்.

"இப்பத் தெறங்க!"

அம்மா கண்ணைத் திறந்தாள். சிரித்த முகம் அப்படியே நின்றுபோனது. கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் பீரோவின் அருகே போனாள்.

"எழுத்து எங்கடி?"

"அது அசிங்கமா இருந்துச்சும்மா. உப்புத்தாள் போட்டுத் தேச்சுட்டேன்."

அம்மா திட்டவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட ஷைனிக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

அப்பா எட்டிப் பார்த்தார். "அட, சூப்பரா இருக்கே!" என்றவர், உடனே பீரோவின் நெற்றியைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நீங்க வீட்லதான இருந்தீங்க?" என்று கேட்டாள் அம்மா.

"பேப்பர் திருத்திக்கிட்டு இருந்தேன் ரோசலின்..."

"பிள்ளைக பேப்பர்ல ஒத்தப் புள்ளி விட்டுப்போனாலும் கண்டுபிடிச்சு வட்டம் போடுறீங்க. வீட்டுக்குள்ள இது கண்ணுக்குத் தெரியலையாக்கும்!"

ஷைனி அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"வெறும் பேருதானம்மா?"

"வெறும் பேரா?" அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எங்க அப்பா இறந்துபோன மறு வருசம் எனக்குக் கல்யாணம். 'தகப்பன் இல்லாத பிள்ளைக்கு யாரு சீர் வைப்பா'ன்னு சொந்தத்துலயே காதுபடப் பேசுனாங்க. ஒங்க மாமாவுக்கும் அப்பச் சின்ன வயசுதான். எங்கெங்கயோ வேலைக்குப் போயி இந்தப் பீரோவ வாங்குனாரு. பேரு எழுத வாரேன்னு சொன்ன பெயின்டர் வரல. அண்ணனே பிரஷ்ஷ எடுத்து எழுதி, டிராக்டர்ல ஏத்திக் கோயில் வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்துனாரு. பேசுன வாயெல்லாம் அத வாசிச்சுப் பாத்துட்டு மூடிக்கிருச்சு. ஈரப் பெயின்ட் அவரோட கையிலயும் புதுச் சட்டையிலயும் ஒட்டி, கல்யாண போட்டோவுல ஒங்க மாமா மட்டும் செவப்புக் கையோட நிப்பாரு."

அந்தப் புகைப்படத்தை ஷைனி எத்தனையோ தடவை பார்த்துச் சிரித்திருக்கிறாள். இப்போது சிரிப்பு வரவில்லை. ஏன் ஒரு வார்த்தை கேட்காமல் தேய்த்தேன் என்று தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

அந்த நேரம் பார்த்துத்தானா செல்போன் அடிக்க வேண்டும்? கிளெமென்ட் மாமாதான்.

"ரோசலின், நாளைக்கிச் சந்தையில காய் போட டவுனுக்கு வாரேன். மத்தியானம் சாப்பாடு ஒங்க வீட்லதான்."

"வாங்கண்ணே" என்றாள் அம்மா. பீரோவைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

போனை வைத்ததும் வீட்டில் ஒரே கலவரம். மாமா வந்தால் தண்ணீர் குடிப்பதற்கு முன்பே நேராகப் பீரோவிடம்தான் போவார். கதவைத் திறந்து, 'டம்' என்று சாத்தி, "இரும்புன்னா இது இரும்பு!" என்பார். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

"பெயின்டரக் கூப்பிட்டு அதே மாதிரி எழுதச் சொல்லிரலாம்" என்றார் அப்பா.

"அவரு கையெழுத்து அவருக்குத் தெரியாதா? ரூமப் பூட்டிட்டுச் சாவியக் காணோம்னு சொல்லிருவோம்."

"திண்டுக்கல்லுல இருந்துக்கிட்டு ஒரு பூட்டத் தெறக்க ஆள் கெடைக்கலைன்னா ஒங்க அண்ணன் நம்புவாரா?"

அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சிரித்த வாயோடு அழுதும்விட்டாள். "என் சீர மறைச்சுட்டியான்னு ஒரு வார்த்த கேட்டுட்டா, நான் எங்க போயி முட்டிக்குவேன்?"

தன்னால் அம்மா பொய்க்கு வழி தேடுகிறாள் என்பது ஷைனியைப் பிடுங்கித் தின்றது.

மறுநாள் கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அவள் சட்டை மாற்றக்கூட உள்ளே போகவில்லை. தெரு முனையில் போய் நின்றுகொண்டாள். வெயில் சுள்ளென்று ஏறிய நேரத்தில், தோளில் முருங்கைக்காய்க் கட்டோடு மாமா வந்தார்.

"ஏ தாயி! எனக்காகவா வெயில்ல நிக்கிற?"

ஷைனி தரையைப் பார்த்துக்கொண்டே, எங்கே நிறுத்தினால் அப்புறம் வராதோ என்று ஒரே மூச்சில் சொன்னாள். "மாமா, பீரோவுல நீங்க எழுதுனத நான் அழிச்சுட்டேன். அம்மா ஊர்ல இல்ல. அவங்களுக்குத் தெரியாது. அப்பா பேப்பர் திருத்திக்கிட்டு இருந்தாரு. நாந்தான் தேச்சேன். அம்மாவத் திட்டாதீங்க மாமா."

மாமா முருங்கைக்கட்டை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"வா" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்குள் வந்ததும் வழக்கம்போல அறைக்குத்தான் போனார். நீலப் பீரோவின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். கதவைத் திறக்கவில்லை, சாத்தவும் இல்லை. எழுத்து இருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"அண்ணே..." என்று அம்மா கதவுப் பக்கம் நின்று அழுதாள்.

"விடு. சின்னப் பிள்ளைதான" என்றார் மாமா. ஆனால் அவர் குரல் அவருடைய குரலாகவே இல்லை.

சாப்பாட்டில் அவருக்குப் பிடித்த ஆட்டுக்கறிக் குழம்பு இருந்தது. அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"வெஞ்சனத்துக்குக் கறி இன்னுங் கொஞ்சம் வைக்கட்டுமாண்ணே?"

"போதும்மா. பசியில்ல."

கன்னிவாடியிலிருந்து கருக்கலில் கிளம்பி, காய்ச் சந்தையில் மூட்டை தூக்கிய மனிதருக்குப் பசியில்லையாம்! ஷைனிக்கும் ஒரு வாய் இறங்கவில்லை. பாதித் தட்டோடு எழுந்துவிட்டாள்.

மாமா கூடத்தில் போய்ச் சாய்ந்துகொண்டார். ஷைனி அப்பாவிடம் சொல்லி, பள்ளி விளையாட்டு விழாவுக்கு வாங்கி மீந்திருந்த சிவப்புப் பெயின்ட் டப்பாவையும் ஒரு பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டாள். அவர் முன்னால் போய் நீட்டினாள்.

"மாமா, நீங்களே திரும்ப எழுதுங்க."

மாமா பிரஷ்ஷைப் பார்த்தார். வாங்கவில்லை.

"எனக்கு இப்ப அப்படி வராது தாயி. அன்னைக்கி மனசுல அம்புட்டுக் கோவம். நான் ஒருத்தன் இருக்கேன், எந் தங்கச்சிக்கு நான் இருக்கேன்னு ஊருக்குக் காட்டணும்னு எழுதுனேன். இன்னைக்கி எழுதுனா அது வெறும் எழுத்துதான்."

ஷைனி அங்கேயே நின்றாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. அழித்துவிட்ட ஒன்றைத் திரும்ப வாங்க முடியாது என்று அவளுக்குப் புரிந்தது.

"அப்ப நான் எழுதட்டுமா மாமா?"

"எழுது" என்றார் அவர், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

நாற்காலிமேல் ஏறினாள். 'தங்கை' என்று எழுதி முடிப்பதற்குள் பெயின்ட் கோடாக வழிந்தது. விரலால் துடைத்தாள், அது இன்னும் பரவியது. நிறுத்தி நிறுத்தி, எழுத்தெழுத்தாக எழுதி முடித்தாள்: 'தங்கை ரோசலினுக்கு அண்ணன் கிளெமென்ட் அன்பளிப்பு.'

கீழே இறங்கிப் பார்த்தாள். எழுத்துகள் ஏறத்தாழ நேராகத்தான் இருந்தன. ஆனால் அவளுக்கு நிம்மதி வரவில்லை. இனி இதை வாசிக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? மாமா எழுதியது பத்திரமாக இருக்கிறது என்றுதானே? அதுவும் ஒரு பொய்தானே?

திங்கட்கிழமை தீபா வருவாள். அவளும் வாசிப்பாள். ஷைனி கொஞ்சம் தயங்கினாள். பிறகு பிரஷ்ஷைத் தோய்த்துக்கொண்டு மறுபடி ஏறினாள்.

அவள் கீழே இறங்கித் திரும்பியபோது மாமா வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவர் பின்னால் அம்மாவும் அப்பாவும். மாமா கிட்டே வந்து முதல் வரியை வாசித்தார். அதன் கீழே சின்னதாக இருந்த இரண்டாவது வரியை வாய்விட்டே படித்தார்.

"மாமா கையால் எழுதியதை அழித்தவள் ஷைனி. திரும்ப எழுதியவளும் ஷைனி."

பிறகு ஷைனியைப் பார்த்தார்.

"திரும்ப எழுதுனதச் சொல்லு, சரி. அழிச்சத எதுக்குத் தாயி எழுதுன? வாரவங்க போறவங்கல்லாம் வாசிப்பாங்களே."

"இல்லைன்னா இத நீங்க எழுதுனதுன்னு நெனச்சுக்குவாங்க மாமா. நீங்க எழுதுனது இப்படி இருக்காது. அது போயிருச்சு."

மாமா அவள் கன்னத்தில் ஒட்டியிருந்த சிவப்பைக் கட்டைவிரலால் துடைக்கப் பார்த்தார். அது போகவில்லை, அவர் விரலிலும் அப்பிக்கொண்டது. கண்கள் கலங்கியிருந்தன.

"எனக்கு வருத்தந்தான் தாயி. இல்லைன்னு சொல்ல மாட்டேன். ரெண்டு நாளைக்கி இருக்கும்." சொல்லிவிட்டு இன்னொரு தடவை அந்த இரண்டு வரிகளையும் வாசித்தார். பிறகு அம்மா பக்கம் திரும்பினார்.

"ரோசலின், கொழம்பச் சுட வையி. எனக்கும் போடு, இவளுக்கும் போடு. இப்பத்தான் பசிக்கிது."