ஈச்சம்பாறையில் நாலு பத்து

வடிவம்மாள் கேட்ட வெளிச்சம் 2041ஆம் வருடம் ஜூலை ஒன்பதாம் தேதியினுடையது. இடம் ஈச்சம்பாறை ரயில் நிலையம். நேரம் மாலை நாலு மணி பத்து நிமிடம்.

"எத்தனை மணி நேரத்துக்கு வேணும்மா?" என்று கேட்டாள் இசக்கி.

"ஆறு நிமிஷம் போதும். அதையே திருப்பித் திருப்பி ஓடவிடு."

இசக்கி பதினாறு வருடமாகத் தென்காசியில் ஒளியமைப்பாளராக இருக்கிறாள். ஆறு நிமிட வெளிச்சத்தை அவளிடம் யாரும் கேட்டதில்லை. கல்யாண நாளைக் கேட்பார்கள், பிள்ளை பிறந்த நாளைக் கேட்பார்கள். கொடைக்கானலின் டிசம்பர் காலை ஒன்றை எடுத்துக்கொண்டு, அதிலேயே ஒன்பது வருடமாக வேலை பார்க்கும் அலுவலகம் ஒன்று திருநெல்வேலியில் இருக்கிறது. வெப்ப வருடங்களுக்குப் பிறகு கட்டிய வீடுகளில் சன்னல் கிடையாது. தடித்த சுவரும் கூரையில் ஒட்டிய வான்விரிப்பும்தான். வான்விரிப்பு என்பது ஒரு மெல்லிய படலம். ஊருக்கு ஊர் நட்டிருந்த ஒளிக்கம்பங்கள், வானத்தின் எந்த மூலையிலிருந்து எந்த நிறத்தில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்று நிமிடத்துக்கு நிமிடம் அளந்து ஒளிக்காப்பகத்துக்கு அனுப்பியிருந்தன. இடமும் தேதியும் சொன்னால் போதும். அன்றைக்கு அங்கே அடித்த பகல் இன்றைக்கு வீட்டுக்குள் அடிக்கும்.

வடிவம்மாளின் அறை பதினாலு அடிக்குப் பதினோரு அடி. மூன்று சுவரையும் ஒட்டி நெஞ்சு உயரத்தில் மேஜை. மேஜையின் மேல் மலை, மலைக்கு நடுவே ஒற்றைத் தடம், தடத்தின் நடுவில் ஈச்சம்பாறை நிலையம். எல்லாம் நிஜத்தில் எண்பத்தேழில் ஒரு பங்கு அளவு. தண்ணீர்த் தொட்டியின் ஏணிக்குக்கூடப் படிகள் சரியாக இருந்தன. எழுபத்தொரு வயதாகும் வடிவம்மாள் அங்கேதான் தன் இருபத்தாறாவது வயதில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தாள். பணி ஓய்வு பெற்ற பிறகு பதினொரு வருடமாக இதைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். இத்தனைக்கும் மேலே ஒரே ஒரு குழல்விளக்கு, வெள்ளையாக, எல்லாவற்றையும் தட்டையாக்கிக்கொண்டு எரிந்தது.

"இந்த லைட்டுலயாம்மா இம்புட்டும் பெயின்ட் அடிச்சீங்க?"

"வேற என்ன இருந்துச்சு? இப்பத்தான் மக வான்விரிப்புக்கு ஏற்பாடு பண்ணியிருக்கா. கண்ணு போறதுக்குள்ள ஒரு தடவ பாத்துரணும்னு சொன்னேன்."

அவளுக்கு இடது கண்ணின் நடுவில் ஒரு புகை மூட்டம். வலது கண்ணிலும் தொடங்கிவிட்டது. ஓரத்தில்தான் தெளிவாகத் தெரிகிறது என்பதால் எதையும் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். இன்னும் ஒரு வருடம் என்று மருத்துவர் சொல்லியிருந்தாராம். அவள் அதைச் சொன்ன விதம், வண்டி இருபது நிமிடம் தாமதம் என்று அறிவிப்பது போல இருந்தது.

வாசலில் ஒரு முதியவர் தண்ணீர்ச் செம்போடு வந்து நின்றார். அவள் கணவர் பிச்சாண்டி. வனத்துறையில் மரங்களைக் கணக்கெடுக்கும் வேலையில் இருந்தவர்.

"எந்த நாளுன்னு சொல்லிட்டாளா?" என்று இசக்கியிடம் கேட்டார். "நான் மொதமொதல்ல ஈச்சம்பாறையில வந்து எறங்குன நாளு. நாப்பத்தஞ்சு வருஷமா எங்களுக்குள்ள ஒரு வழக்கு இருக்கு. அன்னைக்கு நல்ல வெயிலுன்னு இவ சொல்லுதா. சாரல்ல நனைஞ்சுக்கிட்டு வந்தவன் நான்."

"வெயில்தான்," என்றாள் வடிவம்மாள். "பாசஞ்சர்ல இருந்து எறங்கி பிளாட்பாரத்துல எம்பக்கமா நடந்து வந்தாரு. மூஞ்சி முழுக்க மஞ்ச வெயிலு. கண்ணு கூசி கையைத் தூக்கி மறைச்சாரு. அது எனக்கு மறக்குமா?"

"நெத்தியில தண்ணி வழிஞ்சுது. அதைத் தொடைச்சேன்."

"சரி சரி. விரிப்ப ஒட்டட்டும். அது சொல்லும்."

இசக்கி அன்றைக்கு அளவு மட்டும் எடுத்தாள். மறுநாள் வந்து வேலையைத் தொடங்கினாள். கூரையிலும் சுவரின் மேல்பாதியிலும் விரிப்பை ஒட்டினாள். மேஜையின் முன்விளிம்புக்கு நேர் மேலே ஒரு முழ அகலத்தில் மறைப்புப் பலகை ஒன்றைத் தொங்கவிட்டாள். அது இல்லாவிட்டால் பார்ப்பவர் கண்ணில் விளக்கு அடிக்கும், மலை தெரியாது. மேஜைக்கு அடியில் கறுப்புத் துணி கட்டினாள். கம்பிகளும் பெட்டிகளும் அதற்குப் பின்னால் போய்விட்டன.

மூலையில் வேலை மேஜை. அங்கே பழைய வெளிச்சம் எதுவும் வேண்டாம் என்று வடிவம்மாள் சொல்லிவிட்டாள். கை வேலைக்கு மாறாத வெளிச்சம் வேண்டும். வலது கையால் வேலை செய்பவள் என்பதால் வளைகழுத்து விளக்கை இடப்பக்கம் பொருத்தினாள் இசக்கி. கையின் நிழல் வேலையின் மேல் விழாது. பிறகு வடிவம்மாளை உட்காரவைத்து, அவள் தலையைச் சாய்க்கும் பக்கம் பார்த்து, விளக்கை இன்னும் ஒரு சாண் நகர்த்தினாள்.

வடிவம்மாள் ஒரு சின்ன சிக்னல் கம்பத்தை அதன் கீழே பிடித்துப் பார்த்தாள். "இதோட பெயின்ட் உரிஞ்சிருக்கே. இத்தனை நாளா எனக்குத் தெரியலயே," என்றாள். குரலில் சந்தோஷம் இருந்தது.

அன்று பிற்பகல் வான்விரிப்பை முதல்முறையாகப் போட்டார்கள். இசக்கி குழல்விளக்கை அணைத்தாள். கூரை மெல்ல வெளுத்தது. பிறகு அப்படியே நின்றுவிட்டது. சாம்பல் நிறம். கனத்த மேகத்தின் ஊடாகச் சலித்து வரும், நிழலே இல்லாத ஈர வெளிச்சம். மலையின் பச்சை கருத்தது. நிலையத்தின் ஓட்டுக்கூரை நனைந்தது போலத் தோன்றியது. சாரல் நின்றுபோய்ப் பதினெட்டு வருடம் ஆகியிருந்தது. அறைக்குள் அது திரும்பி வந்துவிட்டதைப் போல இருந்தது.

பிச்சாண்டி ஏதோ சொல்ல வாயெடுத்து, மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

வடிவம்மாள் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துக் கூரையைப் பார்த்தாள். "தேதிய இன்னொரு தரம் பாரு," என்றாள்.

இசக்கி பார்த்தாள். தேதியும் இடமும் நேரமும் சரியாகவே இருந்தன. முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் ஓட்டிக் காட்டினாள். எங்கும் மேகம்தான்.

"அப்ப நான் எதைப் பாத்தேன்?" வடிவம்மாள் யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. "கண்ணு போனா போகுது, உள்ள ஒண்ணு இருக்குன்னுல்லா நினைச்சுக்கிட்டிருந்தேன். அதுவும் நானா பண்ணிக்கிட்டதுதானா?" அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

இசக்கி கருவிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது பிச்சாண்டி பக்கத்தில் வந்து நின்றார். வழக்கில் ஜெயித்த களை அவரிடம் இல்லை.

"ஏம்மா, அந்த வருஷத்துலயே நல்ல வெயிலடிச்ச ஒரு நாள எடுத்துப் போட முடியாதா? காப்பகத்துல தப்பு நடந்துருச்சு, இப்பத் திருத்திட்டாங்கன்னு நான் சொல்லிக்கிடுதேன்."

"அது பொய்யில்லய்யா?"

"நாப்பத்தஞ்சு வருஷமா நான் நெசத்தச் சொல்லி என்ன கண்டேன்?" என்றார் அவர். "நான் வெயில்ல வந்தவனாவே இருந்துட்டுப் போறேன்."

இசக்கிக்கு அதை மறுக்க மனம் வரவில்லை. அன்று மாலை காப்பகத்தில் தேடி ஜூலை மூன்றாம் தேதியை எடுத்து வைத்தாள். பளீரென்ற சாய்வெயில்.

மூன்றாம் நாள் காலையில் சில்லறை வேலைகள் பாக்கியிருந்தன. வடிவம்மாள் வேலை மேஜையில் உட்கார்ந்து சரக்கு வண்டியின் இன்ஜினுக்கு ஹெட்லைட் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். மணி மாதிரிச் சின்ன மஞ்சள் விளக்கு.

வெளிச்சத்தை மாற்றுவதற்கு முன் நிழல்களைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. "எல்லா வண்டியையும் ஒரு தடவ ஓட்டிக் காட்டுங்கம்மா," என்றாள் இசக்கி. "எங்கயாவது மறைப்புப் பலக குறுக்க நிக்குதான்னு பாக்கணும்."

மேகவெளிச்சம் இன்னும் கூரையில் ஓடிக்கொண்டிருந்தது. பாசஞ்சர் வந்து நடைமேடையில் நின்றது. "நாலு பத்துக்கு இது நிக்கும்," என்றாள் வடிவம்மாள் சலிப்பாக. "ஒத்தத் தடம்லா. எதிர சரக்கு வண்டி போற வரைக்கும் இது இங்க ஒதுங்கி நிக்கணும். அதுக்குத்தான் நான் கொடியோட வெளிய நின்னேன்." சொல்லிக்கொண்டே சரக்கு வண்டியை மலைக்குப் பின்னாலிருந்து விட்டாள்.

நடைமேடையில் கொடி பிடித்த ஒரு பெண் பொம்மை பாசஞ்சரைப் பார்த்து நின்றது. அதை நோக்கிப் பை தூக்கிய ஒரு ஆண் பொம்மை. இரண்டும் அரை விரல் உயரம். சரக்கு வண்டி அந்தப் பெண்ணின் முதுகுப் பக்கமாக வளைவில் திரும்பியது. திரும்பும்போது அதன் ஹெட்லைட் தடத்தை விட்டு விலகி நடைமேடையைத் துடைத்துக்கொண்டு போனது. சாம்பல் வெளிச்சத்தில் அந்த மஞ்சள் தனியாகத் தெரிந்தது. ஒரு கணம் அது பை தூக்கிய மனிதனின் முகத்தில் ஏறி நின்று, பிறகு இறங்கியது.

வடிவம்மாள் கையை விசையிலிருந்து எடுத்துவிட்டாள். வண்டி தானாகப் போய்க் கடைசியில் முட்டி நின்றது.

"இங்கேருங்க," என்று கூப்பிட்டாள். "இங்க வாங்களேன்."

பிச்சாண்டி வந்தார். அவள் வண்டியைப் பின்னுக்கு இழுத்து மறுபடியும் விட்டாள். வெளிச்சம் வளைந்து வந்து பொம்மையின் முகத்தில் அடித்தது.

"இதுக்குத்தான் கையத் தூக்குனீங்க."

அவர் குனிந்து பார்த்தார். "பெரிய வெளிச்சம் ஒண்ணு வந்துச்சு," என்றார் மெதுவாக. "ஆமா, சரக்கு வண்டி. சத்தம்கூட... நான் தண்ணியத் தொடைச்சேன்னுதான் நினைச்சுக்கிட்டிருந்தேன்."

"தண்ணியும் இருந்திருக்கும்."

"இருந்துச்சு வடிவு. தொப்பலா நனைஞ்சிருந்தேன்."

"அதான் அப்படி மின்னுனீங்க," என்றாள் அவள். ஒளிக்கம்பம் வானத்தை மட்டும்தான் அளந்தது. ஒரு இன்ஜினின் விளக்கு ஒரு மனிதனின் முகத்தில் விழுந்ததை அது கணக்கில் எடுக்கவில்லை. இருவரும் பதினைந்து தடவையாவது அந்தச் சரக்கு வண்டியை ஓட்டியிருப்பார்கள். அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள், அவர் அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தார். இசக்கி ஜூலை மூன்றாம் தேதியைச் சத்தமில்லாமல் அழித்தாள்.

புறப்படும்போது வடிவம்மாள் அவளை நிறுத்தினாள். "இன்னும் ஒண்ணு செய்யி. இன்னைக்குத் தேதியையும் எழுதி வச்சுக்கோ. கண்ணு இருக்கும்போதே வரவேற்பறையில போட்டுப் பாக்கணும். இந்த நாள் எனக்கு வேணும்."

"அதுக்கென்னம்மா," என்று இசக்கி காப்பகத்தில் தேடும் தன் கைத்திரையைத் திறந்தாள். இடம் தென்காசி. தேதி இன்று. திரை சிறிது நேரம் யோசித்தது. பிறகு அந்த இடத்தில் கடைசிப் பதிவு ஏழு வருடத்துக்கு முந்தையது என்று காட்டியது. கோரிக்கை இல்லாததால் கம்பம் அகற்றப்பட்டது என்று கீழே ஒரு வரி. செங்கோட்டையைத் தேடினாள், குற்றாலத்தைத் தேடினாள். எங்கும் அதே வரி.

கோரிக்கைகளின் பட்டியலை மேலே தள்ளிப் பார்த்தாள். கடந்த இருபது வருடத்தைச் சேர்ந்த எந்த ஒரு நாளின் வெளிச்சத்தையும் யாரும் திருப்பிக் கேட்டிருக்கவில்லை. எப்படிக் கேட்பார்கள்? அந்த இருபது வருடத்தில் நடந்த கல்யாணங்களும் பிறப்புகளும் வேறு ஏதோ ஒரு பழைய பகலின் கீழே நடந்தவை. அந்தப் பழைய பகல்களில் பலவற்றை ஒட்டிக் கொடுத்தவள் அவளேதான்.

"வெளிய உள்ள வெளிச்சத்த இப்ப யாரும் எடுத்து வைக்கிறதில்லம்மா," என்றாள். "உள்ள இருந்த வெளிச்சம் நாப்பத்தொண்ணோடது."

பிச்சாண்டி சிரிக்கப் பார்த்தார். "அப்ப இன்னைக்குன்னு ஒண்ணு கெடையாதாக்கும்?"

வடிவம்மாள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, கணவரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, வெளிக்கதவை நோக்கி நடந்தாள். "கம்பம் பாக்கலைன்னா என்ன, நாம பாப்போம்," என்றாள்.

இசக்கி வீட்டுக்கு வந்தபோது ஐந்தரை மணி. அவள் வீட்டில் ஓடுவது 2058இல் ஒரு காலை. அவள் பதின்மூன்று வயதில் அப்பாவோடு அருவிக்குப் போன நாள். அவளுடைய எட்டு வயது மகள் கோமதி பிறந்ததிலிருந்து அந்த ஒரு காலையில்தான் சாப்பிட்டாள், படித்தாள், விளையாடினாள். பள்ளிக்கூடத்தில் வேறு யாருடையதோ ஒரு மாலை. நடுவில் மூடிய பேருந்து.

இசக்கி வான்விரிப்பை அணைத்துவிட்டு வாசல் கதவைத் திறந்தாள். சூடும் புழுதியும் உள்ளே வந்தன. கூடவே வெளிறிய, கொஞ்சம் செம்மண் கலந்த ஒரு வெளிச்சம் தரையில் நீண்டது. மகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் படியில் உட்கார்ந்தாள்.

கோமதி கண்ணைச் சுருக்கிக்கொண்டு தெருவை மேலும் கீழும் பார்த்தாள். "இது யாரோட நாளும்மா?" என்று கேட்டாள்.

"உன்னோடது."

கோமதி அதை நம்பியதாகத் தெரியவில்லை. "ரொம்ப மங்கலா இருக்கு," என்றாள். ஆனால் எழுந்து உள்ளே போகவில்லை.