ஒன்பதாம் வீட்டின் மூச்சு

மழை விட்ட இடைவெளியில் சாயோகோ ஒன்பதாம் வீட்டின் முன் வேனை நிறுத்தினாள். மேட்டின் மேல் ஒரே அச்சில் வார்த்ததுபோல வரிசையாக நின்ற வெள்ளை வீடுகளில் அதுதான் கடைசி. அதற்கு அப்பால் முள்வேலி. வேலிக்கு அப்பால் கரும்பு. கரும்புக்கு அப்பால், ஒக்கினாவாவின் மழைக்காலத்தில் எப்போதும்போல, எது வானம் எது கடல் என்று தெரியாத சாம்பல்.

முகாமில் இருக்கும் அமெரிக்கப் படைக்காரர்கள் குடும்பத்தோடு குடியிருக்க, அவர்கள் அரசாங்கம் ஒப்பந்தம் கொடுத்துக் கட்டச் சொன்ன வீடுகள் அவை. கட்டியது உள்ளூர்க் கம்பெனி. வேலையை நடத்திய மேஸ்திரி சாயோகோவின் அண்ணன் செய்கென். கட்டிய வீட்டைச் சோதித்து, தேறியது என்று கையெழுத்துப் போடுவது அவள் வேலை. எட்டு வீடுகள் தேறிவிட்டன. நாளைக் காலை எல்லாச் சாவிகளையும் ஒப்படைக்க வேண்டும்.

"ஷூவோட உள்ள போயிடாதே," என்றான் செய்கென் வாசலிலிருந்து. "தரையை இப்பத்தான் துடைச்சோம்."

"நாளையிலேர்ந்து இதுமேல பூட்ஸ்தானே நடக்கப் போகுது."

"அது நாளைக்கு. இன்னைக்கு இது நம்ம வீடு. கழட்டு."

காற்றுச் சோதனை ஒன்றுதான் பாக்கி. வாசற்கதவைத் திறந்துவைத்து, நிலைச்சட்டம் முழுக்கச் சிவப்புத் துணியை இறுக்கிக் கட்ட வேண்டும். துணியின் நடுவில் ஒரு பெரிய விசிறி. ஜன்னல்கள், குழாய் வாய்கள் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு விசிறியை ஓட்டினால் அது வீட்டுக்குள் இருக்கும் காற்றை வெளியே இழுக்கும். எங்கே விரிசல் இருக்கிறதோ அங்கே வெளிக்காற்று உள்ளே நுழையும். எவ்வளவு நுழைகிறது என்பதைக் கையடக்க மீட்டரின் முள் காட்டும்.

முள் ஓரிடத்தில் நிற்கவில்லை. மெல்ல ஏறி, தோல்வி என்று குறித்த சிவப்புக்குப் போனது. மெல்ல இறங்கியது. மறுபடி ஏறியது.

"வெளிய காத்து அடிக்குதா அண்ணே?"

"கரும்புல ஒரு இலை ஆடலை." செய்கென் சிகரெட்டை எடுத்தான், பற்றவைக்காமல் மறுபடி பையில் வைத்தான். "மிஷின்ல ஏதாவது கோளாறா?"

"காலையில எட்டாம் வீட்டுல நல்லாத்தானே ஓடுச்சு."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. காரணம் தெரியாமல் தோற்ற வீட்டின் தரையை அறுத்துப் பார்ப்பார்கள். இந்தத் தரையை மட்டும் யாரும் அறுக்கக் கூடாது.

குளிர்காலத்தில் இங்கே அஸ்திவாரம் தோண்டும்போது இயந்திரத்தின் கை திடீரென்று தோள்வரை உள்ளே போனது. கீழே குகை. இந்தத் தீவில் குகை என்று சொன்னால் யாரும் விளக்கம் கேட்பதில்லை. யுத்தத்தின்போது அமெரிக்கப் படைக்குப் பயந்து ஊர் ஊராக அவற்றுக்குள்தான் ஒளிந்தார்கள்; பலர் வெளியே வரவில்லை. குகை கண்ணில் பட்டால் வேலையை நிறுத்தித் தகவல் சொல்ல வேண்டும், எலும்பு இருக்கிறதா என்று தேட வேண்டும். ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது. செய்கென் நிறுத்தவில்லை. லாரி லாரியாகக் காங்கிரீட் வரவழைத்துக் குகையின் வாயை மூடிவிட்டான். தங்கையிடம் மட்டும் சொன்னான். டார்ச் அடித்துப் பார்த்ததாகவும், உள்ளே ஒன்றும் இல்லை என்றும். அரசாங்க வேலையில் மறைத்தது வெளியே தெரிந்தால் அண்ணனுக்குச் சிறைதான்.

"எங்கே கசியுதுன்னு கண்டுபிடிச்சு அடைச்சிடலாம்," என்றாள் சாயோகோ. "புகை விட்டுப் பார்க்கிறேன்."

புகைக்குப்பியை அழுத்தினாள். ஈரத்தில் கெட்டுப்போயிருந்தது. இருமுவதுபோல ஒரு சத்தம் போட்டு ஓய்ந்தது.

செய்கென் வேனைக் குடைந்து ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தான். வசந்தத்தில் குடும்பக் கல்லறைக்குப் போனபோது மிஞ்சிய ஊதுபத்தி. கறுப்பாக, தட்டையாக, குச்சிகள் ஒன்றோடொன்று ஒட்டிய பட்டை. இந்தத் தீவில் எந்த வீட்டிலும் இருப்பது.

"செத்தவங்களுக்கு ஏத்துறதை வச்சு ஓட்டை தேடறதா?"

"ஓட்டைக்குத் தெரியுமா, எது யாருக்கு ஏத்தின புகைன்னு? ஏத்து, சாயோ. அந்த அமெரிக்கக் கிழவர் வர்றதுக்குள்ள முடி."

உள்ளே அரை இருட்டு. புதுப் பெயிண்ட் வாசனை. விசிறியின் உறுமல் சுவர்களுக்குள்ளே ஓடியது. அவள் காலுறையோடு ஒவ்வோர் அறையாகப் போனாள். ஜன்னல் ஓரங்களில் புகையைக் காட்டினாள். எங்கும் கசிவு இல்லை. கடைசியாக, குழந்தைகளுக்கென்று கட்டிய சின்ன அறை.

சோதனையின் விதி, ஒவ்வோர் அறையிலும் யார், எங்கே என்று போனில் குரல் பதிவு செய்ய வேண்டும். அவளும் புகைந்துகொண்டிருந்த பட்டையை ஒரு கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, தெளிவாகச் சொன்னாள்:

"கிமா சாயோகோ. மேட்டு முகாம், ஒன்பதாம் வீடு. குழந்தைகள் அறை."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

கல்லறையின் முன் அம்மா இப்படித்தான் செய்வாள். ஊதுபத்தியை ஏற்றி, தன் பெயரைச் சொல்லி, வீட்டு விலாசத்தைச் சொல்லி, பிறகு யாரைக் கூப்பிடுகிறாளோ அவர்கள் பெயரைச் சொல்வாள். அழைப்பது யார், எங்கே வர வேண்டும் என்று அந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டுமே.

சாயோகோ பெயரையும் விலாசத்தையும் சொல்லிவிட்டாள். யாரை என்று சொல்லவில்லை.

புகை வளைந்தது.

அது ஜன்னல் பக்கம் போகவில்லை. சுவருக்கும் போகவில்லை. நேராகக் கீழே, அறையின் நடுவில், ஒரு கீறல்கூட இல்லாத தரையை நோக்கி இறங்கியது. தரையில் படிந்தது. காணாமல் போனது.

கொஞ்ச நேரம் கழித்து மேலே வந்தது.

மறுபடி இறங்கியது.

விசிறி ஒரு பக்கம்தான் இழுக்கும். அவள் ஓடிப்போய்ச் சிவப்புத் துணியைத் தட்டினாள். "நிறுத்து அண்ணே." உறுமல் அடங்கியது. வீடு காதை அடைக்கும் அமைதிக்கு வந்தது. அவள் அந்த அறைக்குத் திரும்பினாள். திரும்ப வேண்டாம் என்று கால்கள் சொல்லின.

விசிறி இல்லாமலே புகை இறங்கியது. ஏறியது.

ஈரச் சுண்ணாம்புக்கல்லின் வாசனை வந்தது. பிறகு எண்ணெய் விளக்கின் கரி. பிறகு, நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் மனிதர்களின் வியர்வை.

தரைக்கு அடியில் ஒரு குழந்தை சிணுங்கியது.

"உஷ்."

ஒரு பெண்ணின் குரல். மிக அருகில்.

வெளியே ஜீப் ஒன்று வந்து நின்றது.

"வந்துட்டாரு நம்ம ராஜகுரு," என்று துணிக்கு வெளியே செய்கென் முணுமுணுத்தது கேட்டது.

பர்கெட், அரசாங்கத்தின் தரப்பில் வீடுகளை ஏற்றுக்கொள்ளும் அதிகாரி. இந்தத் தீவில் தலை நரைத்தவர். ஆனாலும் உள்ளூர்ப் பேச்சைப் புத்தகத்தில் படித்த மாதிரியேதான் பேசுவார். பின்கதவு வழியாக உள்ளே வந்தார். முன்னாள் சிப்பாய், இன்றும் கனத்த பூட்ஸ்தான். துடைத்த தரையில் அது டக், டக் என்று பதிந்தது.

"வணக்கம், சாயோகோ அவர்களே. தங்கள் முகம் ஏன் இவ்வாறு வெளுத்திருக்கிறது?"

"சாப்பிடலை. அதான்."

"பணியைவிட உணவு முக்கியம் அன்றோ. நல்லது, தொடங்குவோமா?"

செய்கென் விசிறியைப் போட்டான். பர்கெட் பூட்ஸோடு அறை அறையாக நடந்து, குழந்தைகள் அறையின் நடுவில் வந்து நின்றார். சாயோகோ கையில் இருந்த பட்டையின் புகை நூல் பிடித்ததுபோல நேராக மேலே போனது. அவளுடைய மறு கையில் இருந்த மீட்டரின் முள் இறங்கியது. சிவப்பைக் கடந்து, தேறும் கோட்டைக் கடந்து, அடிமட்டத்துக்குப் போய் அசையாமல் நின்றது.

"ஆகா. அனைத்து வீடுகளிலும் இதுவே மிகச் சிறந்தது," என்றார் பர்கெட்.

அவர் அறையை விட்டு வெளியே போனார், முள் துடித்தது. திரும்பி வந்தார், முள் அடங்கியது. அவர் அதைக் கவனிக்கவில்லை. சாயோகோ கவனித்தாள்.

அவளுக்குப் புரிந்துவிட்டது.

மேலே பூட்ஸ் நடக்கிறது. கீழே எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

பேனா அவள் கையில் இருந்தது. சிவப்புத் துணியில் இருந்த சின்னக் கண்ணாடித் துவாரத்துக்கு அந்தப் பக்கம் அண்ணன் நின்றான். இரண்டு கைகளையும் மார்பின் மேல் சேர்த்து வைத்திருந்தான். கும்பிடுகிறானா, நெஞ்சு வலிக்கிறதா என்று தெரியாத மாதிரி.

அவள் கையெழுத்துப் போட்டாள்.

ஜீப்பின் சத்தம் மேட்டைத் தாண்டித் தேய்ந்து மறைந்தது. செய்கென் விசிறியைக் கழற்றிக்கொண்டிருந்தான். மறந்து வைத்த போனை எடுக்க சாயோகோ குழந்தைகள் அறைக்குப் போனாள்.

அப்போது அது வந்தது. தரை முழுவதிலிருந்தும், ஒரே சமயத்தில், நீளமாக, வெதுவெதுப்பாக. அவள் நெற்றி மயிரைத் தூக்கியது. பட்டையின் சாம்பலைக் கூரைவரை கொண்டுபோனது.

ஒருவர் விட்ட மூச்சு அல்ல அது. ஓர் ஊரே விட்ட மூச்சு.

*

ஆகஸ்டு முடியும்போது ஒன்பதாம் வீட்டிலிருந்து ஒரு புகார் வந்தது. குழந்தையின் அறையில் எங்கிருந்தோ காற்று வருகிறதாம். சரிசெய்து கொடுப்பது கம்பெனியின் பொறுப்பு.

அந்தக் கோடையில் சாயோகோ ஒரு இடத்தில் பத்து நிமிஷம் உட்காரவில்லை. மின்விசிறிக்கு அடியில் படுத்தால் எழுந்துவிடுவாள். லிஃப்ட் கதவு மூடப் போனால் வெளியே வந்து மாடிப்படியில் இறங்குவாள். ஆண்டுக்கொருமுறை வீட்டுக்கு வரும் மூதாதையரை வழியனுப்பும் நாளில், வீதியில் பறைகள் முழங்கிக்கொண்டிருக்க, அண்ணனின் தட்டில் சோற்று உருண்டையை வைத்தபடி கேட்டாள்:

"டார்ச் அடிச்சுப் பார்த்தேன்னு சொன்னியே. நிஜமா ஒண்ணும் இல்லையா?"

செய்கென் உருண்டையைப் பிய்த்தான். சாப்பிடவில்லை.

"தகரப் பால் டப்பா ஒண்ணு," என்றான். "பக்கத்துல சின்னச் சின்னதா... நான் வெளிச்சத்தை அணைச்சுட்டேன் சாயோ."

"நான் சொல்லிடப் போறேன்."

"சொல்லிடு." அவன் அவளைப் பார்த்துச் சிரிக்க முயன்றான். "ஜெயில்லயாவது தூக்கம் வருதான்னு பாக்கறேன்."

அதனால்தான் பர்கெட்டையும் அந்த வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தாள். என்ன சொல்ல வேண்டும் என்று வேனில் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். இந்தத் தரைக்குக் கீழே குகை இருக்கிறது. உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள். உடைத்து அவர்களை வெளியே எடுங்கள்.

கதவைத் திறந்தவள் கெய்லா என்ற இளம்பெண். இடுப்பில் தவழும் வயதுப் பையன். வாய் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தான்.

"உள்ள வாங்க, ஷூவெல்லாம் கழட்ட வேண்டாம். ஐயோ, கழட்டிட்டீங்களா? நீங்கள்லாம் எவ்வளவு மரியாதை. டாபி, போதும்டா, அக்கா பயந்துடுவாங்க."

"என்ன, பல் முளைக்குதா?"

"பல்லும் இல்லை, ஒண்ணும் இல்லை. நாள் முழுக்க இப்படித்தான் கத்துவான். ஆனா பாருங்க, அவங்க அப்பா வந்தா கப்சிப். பக்கத்து வீட்டுக்காரி கேக்கறா, என்ன மருந்து குடுக்கறேன்னு. வாங்க, அந்த ரூமைக் காட்டறேன். ராத்திரியெல்லாம் காத்து வரும், அப்புறம் திடீர்னு நின்னுடும்—"

குழந்தைகள் அறையில் மஞ்சள் வெயில். தொட்டிலுக்கு மேல் துணியால் செய்த மீன்கள் தொங்கின. ஜன்னல் மூடியிருந்தது. மீன்கள் மெல்ல ஆடின. ஒரு பக்கம், மறு பக்கம்.

வாசற்படியில் பூட்ஸ் சத்தம்.

இரண்டு ஜோடி. கெய்லாவின் கணவனும் பர்கெட்டும் பேசிக்கொண்டே வந்தார்கள்.

மீன்கள் நின்றன.

கெய்லா பாதி வாக்கியத்தில் நின்றாள். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. கண்கள் சாயோகோவைப் பார்த்தபடியே இருந்தன. அவளுடைய வலது கை மட்டும், அவளுக்குச் சம்பந்தமே இல்லாததுபோல, நிதானமாக எழுந்து குழந்தையின் வாயையும் மூக்கையும் சேர்த்துப் பொத்தியது.

டக். டக். டக். கூடம்வரை வந்தது.

"பாத்தீங்களா சார்," என்று கூடத்திலிருந்து கணவனின் குரல் பெருமையோடு கேட்டது. "நான் வந்தா எம் பையன் எவ்வளவு சமர்த்துன்னு."

பர்கெட் சிரித்தார். "சாயோகோ அவர்களே, என்னிடம் ஏதோ கூற வேண்டும் என்றீர்களே. கூறுங்கள், காத்திருக்கிறேன்."

குழந்தையின் கால்கள் உதைத்தன. கெய்லா சிரித்துக்கொண்டே இருந்தாள்.

சாயோகோ கத்தினாள். அந்தக் கையை எடு என்று கத்தினாள். இந்தத் தரையை உடையுங்கள் என்று கத்தினாள். ஒரு சத்தமும் வரவில்லை.

ஏன் வரவில்லை என்று அவளுக்கு உடனே தெரியவில்லை. உதட்டின் மேல் ஏதோ சூடாக, ஈரமாக அழுந்தியிருந்தது. குனிந்து பார்த்தாள்.

அவளுடைய கைதான்.

"சாயோகோ அவர்களே?"

பூட்ஸ் நகரவில்லை. கூடத்தில் அவர் பொறுமையாகக் காத்து நின்றார். குழந்தையின் கால்கள் மெதுவாகிக்கொண்டே வந்தன. காலடியில், குளிர்ந்த தரைக்கு மறுபுறம், இத்தனை வருஷமாக எதையும் மறக்காத ஒரு பெண் அவள் காதுக்குள் சொல்வதுபோல அன்பாகச் சொன்னாள்:

"இன்னும் கொஞ்சம். போயிடுவாங்க."