ஓடாத கால்வாய்

மோகனப்பிரியாவுக்குத் தலை சுற்றியது. மறுநாள் காலை பள்ளியில் கண்காட்சி. ஆறாம் வகுப்புக்குக் கிடைத்த தலைப்பு, பக்கிங்காம் கால்வாய் வெட்டிய கதை. மாதிரி தயார். தண்ணீரும் ஊற்றியாகிவிட்டது. ஆனால் அந்தத் தண்ணீர் குளத்தில் படுத்த எருமை மாதிரி அசையவே மாட்டேன் என்றது.

"இன்னாடா இது, குட்டையா?" என்றான் ஜெகன். "கால்வான்னா தண்ணி ஓடணும்ல? நம்ம கொரட்டூர் ஏரி ரொம்புனா வாய்க்கால்ல எப்டி ஓடுது!"

மாதிரியைச் செய்த பிரசன்னா தலையைக் குனிந்துகொண்டான். போன மாதம்தான் தென்காசியிலிருந்து வந்து இந்தப் பள்ளியில் சேர்ந்தவன். அவன் பேச்சைக் கேட்டால் வகுப்பு சிரித்தது. அதனால் பேசுவதையே குறைத்துக்கொண்டான். பேசாமல் மிச்சம் பிடித்த நேரத்தில்தான் களிமண்ணும் தெர்மாகோலுமாக இந்தக் கால்வாயைச் செய்திருந்தான். கரையில் தீக்குச்சி மனிதர்கள் கூடை சுமந்து நின்றார்கள்.

"இவங்க இன்னா இவ்ளோ ஒல்லியா கீறாங்க?" என்றான் ஜெகன்.

"அப்போ பெரிய பஞ்சம்லா" என்றான் பிரசன்னா மெதுவாக. "ஆயிரத்து எண்ணூத்தி எழுபத்தேழு. சாப்பாடே கெடையாது. மண்ணு வெட்டுனாத்தான் கூலி. கூவத்துல இருந்து அடையாறு வரைக்கும் அவியதான் வெட்டுனாவ."

கரையில் நிறுத்தலாம் என்று ஜெகன் ஒரு பொம்மை ஜேசிபி கொண்டுவந்திருந்தான். அதைச் சத்தமில்லாமல் பைக்குள் போட்டுக்கொண்டான்.

ரகுநாதன் சார் எட்டிப் பார்த்தார். "நல்லாருக்கே! தண்ணி எந்தப் பக்கம் ஓடும்?"

ஜெகன் ஒரு பக்கம் கைகாட்டினான், மோகனப்பிரியா மறுபக்கம் கைகாட்டினாள்.

"நாளைக்குக் காலையில பதில் சொல்லுங்க. விளக்கத் தெரியாததை மேசையில வைக்க முடியாது. இதுக்குப் பதிலா ஒரு படம் ஒட்டிடலாம்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

ஜெகன் ஒரு செங்கல்லைத் தூக்கி வந்து மாதிரியின் ஒரு முனைக்கு அடியில் சொருகினான். தண்ணீர் ஓடியது. கால்வாயை விட்டே ஓடி, அவன் கால்சட்டையை நனைத்தது.

"நான் பாத்துச் செஞ்ச படத்துல சமமாத்தான் இருந்துச்சு" என்றான் பிரசன்னா. அவன் கண் கலங்கியிருந்தது. "வேண்டாம், தூக்கிப் போட்டுருவோம்."

மோகனப்பிரியாவுக்கு மனசு கேட்கவில்லை. "போடா, இவ்ளோ அழகா இருக்கு. நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன். காலையில பார்க்கலாம்."

வீட்டில் குழப்பம் தீரும் என்று நினைத்தாள். இரண்டு மடங்கானது.

"தெக்கால ஓடும்" என்றார் அப்பா வேம்புலி. ஊரெல்லாம் ஆட்டோ ஓட்டுகிறவர்; தெரியாதது ஒன்றும் கிடையாது என்பது அவர் எண்ணம்.

"வடக்கால!" என்றாள் அம்மா. "நா மயிலாப்பூர்ல கண்ணால பாத்துகீறேன்."

"நீ பாத்தது சாக்கடை. பள்ளம் எங்க கீதோ அங்கதாம்மா தண்ணி ஓடும்."

"அப்போ எந்தப் பக்கம் பள்ளம், நைனா?"

அப்பாவுக்குச் சட்டென்று ஆட்டோவைத் துடைக்கும் வேலை ஞாபகம் வந்து எழுந்து போனார்.

தெற்கா? வடக்கா? மோகனப்பிரியா கன்னத்தில் கைவைத்து மாதிரியையே பார்த்தாள். பிரசன்னா குண்டு குண்டான எழுத்தில் ஒரு அட்டை எழுதி ஒட்டியிருந்தான். 'வடக்கே ஆந்திராவிலிருந்து விறகும் உப்பும் படகில் சென்னைக்கு வந்தன.'

வந்தன, சரி. வந்த படகு என்ன ஆச்சு? இங்கேயே நின்றுவிட்டதா? வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டாமா?

அவள் ஒரு தட்டை மாதிரியின் கீழே சொருகித் தண்ணீர் ஊற்றினாள். அதில் மிதக்கவிட்ட காகிதப் படகு பள்ளத்துக்கு ஜம்மென்று போனது. படகின் இரண்டு முனையிலும் நூல் கட்டி, ஒன்றைப் பிடித்து மேலே இழுத்தாள். மேட்டில் தண்ணீரே இல்லை. படகு தரை தட்டியது. தட்டை உருவிவிட்டு, மறுபடி தண்ணீர் ஊற்றி இழுத்தாள். சுண்டுவிரல் போதுமாக இருந்தது. இந்தப் பக்கம் இழுத்தால் இந்தப் பக்கம் வந்தது, அந்தப் பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் போனது.

"அம்மா!" என்று அவள் கத்தியதில் அடுப்படியில் கரண்டி கீழே விழுந்தது.

காலையில் அவள் பிரசன்னாவிடம் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னாள். "நீ செஞ்சது சரிதான்டா! தண்ணி ஓட வெட்டலை. படகு போகத்தான் வெட்டியிருக்காங்க. சார்கிட்ட நீயே சொல்லு."

"நீதானே கண்டுபிடிச்ச? நான் பேசுனா சிரிப்பாவ."

"சிரிக்கட்டுமே. செஞ்சவன் நீ. நீ சொன்னாத்தான் நல்லாருக்கும்."

சார் வந்தார். வகுப்பே சுற்றி நின்றது. "என்னப்பா, தண்ணி எந்தப் பக்கம் ஓடும்?"

மோகனப்பிரியா படகின் நூலைப் பிரசன்னாவின் கையில் வைத்தாள்.

"இது தண்ணி ஓடுறதுக்கு வெட்டுனது இல்ல சார்" என்றான் அவன். "படகுக்குப் போட்ட ரோடு. போகவும் செய்யணும், வரவும் செய்யணும்லா? அதான் சமமா இருக்கு. கரையில நடந்துக்கிட்டே ஆளுங்க இழுத்துட்டுப் போவாவ."

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் படகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அட, ஆமாம்!" என்றார் சார். "அப்போ படகு எந்தப் பக்கம் போகும்?"

பிரசன்னா நூலை அவரிடம் நீட்டினான். "நீங்க இழுக்குற பக்கம் சார்."

சார் இழுத்தார். படகு வந்தது. மறுமுனை நூலைப் பிடித்து இழுத்தார். போனது. மறுபடியும் இழுத்தார். கண்காட்சி தொடங்கும் மணி அடித்தது. சார் நகர்வதாக இல்லை.

"சார், வுடுங்க சார்" என்றான் ஜெகன். "பின்னாடி லைன் நிக்குது!"