மறு கை

"ஹீட்டரைப் பிடுங்கினதுக்குத் தேங்க்ஸ்டி!" என்று மாடியிலிருந்து ஆரின் கத்தியபோது, வெர்லா டார்ச்சும் கையுமாக பேஸ்மென்ட்டின் கடைசிப் படியில் நின்றிருந்தாள். இறங்கி வந்தவள் திரும்ப மேலே போகவே இல்லை.

மிச்சிகனின் வடகோடியில் டிசம்பர் மாதச் சூரியன், வியாபாரமில்லாத கடைக்காரன் மாதிரி, மத்தியானம் தாண்டியதுமே ஷட்டரை இறக்கிவிடும். இன்றைக்குப் பனிப்புயல் வேறு. குளிருகிறது என்று ஆரின் அடம்பிடித்து, ஆக்ஸிஜன் மிஷின் ஓடுகிற அதே லைனில் ஹீட்டரையும் மாட்டச் சொன்னான். புருஷனோடு பேரம் பேசி ஜெயித்தவள் யார்? மாட்டினாள். படுக்கையறை இருண்டது. மிஷின் நின்றது. அவசரத்துக்கு வைத்திருந்த சிலிண்டரிலும் மீட்டர் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. இந்தப் பனியில் எந்த வண்டியும் வராது. லோடு தாங்காமல் விழுந்த பிரேக்கர் ஸ்விட்சை பேஸ்மென்ட்டில் தூக்கிவிட்டால்தான் அவனுக்கு மூச்சு.

பயப்பட வேண்டிய நேரம் என்பது அவளுக்குத் தெரிந்தது. பயம்தான் வரவில்லை. வருஷக்கணக்காக அவனைப் புரட்டி, துடைத்து, ஊட்டி, அவளுக்கு உள்ளே எல்லாம் பல் டாக்டர் ஊசி போட்ட ஈறு மாதிரி ஆகியிருந்தது. தொட்டால் தெரியாது.

"நான் இன்னும் கீழேதான் இருக்கேன், கிழவா!"

"விளையாடாதே. இப்பத்தானே வந்தே? பிளக்கைப் பிடுங்கிட்டு, வாயைத் திறக்காம கட்டிலோரமா நின்னுட்டிருந்தே." இருமல். "பழைய கார் வித்தவன்டி நான். பேசாம நிக்கிற ஆளை நான் நம்பவே மாட்டேன்."

"இப்ப நான் எங்கே நிக்கிறேன்?"

அவன் குரல் இறங்கியிருந்தது.

"இதோ. பக்கத்துல."

ஈர சிமென்ட்டும் சோப்புத்தூளும் கலந்து மணத்த அந்த இருட்டில், கூரையிலிருந்து பனி சரிகிற சத்தத்துக்கு நடுவே, தலைக்கு மேல் பலகைத் தரையில் யாரோ நடப்பது அவளுக்குக் கேட்டது: ஒரு கால் அழுத்தமாக விழ, ஒரு கால் பின்னாலேயே இழுபட்டு வந்தது. முட்டிவலிக்காரியின் நடை. அவளுடைய நடை.

மேலே ஓடலாம். ஓடினால் மிஷின் ஓடாது.

ஸ்விட்ச் பெட்டியைத் திறந்தாள்.

"கீழேதான் இருக்கேன்னா... அங்கே தரை ஈரமில்லையே?" ஆரினின் குரல் இழுத்து இழுத்து வந்தது. "ஒரு கைதான்... இன்னொன்னு கோட்டுப் பையில. முகத்தை... அந்தப் பக்கம் திருப்பு. பொறி பறந்தா... கண்ணாவது தப்பும்."

டார்ச்சை அலமாரியில் சாய்த்தாள். இடது கையைப் பைக்குள் விட்டாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். பிரேக்கரின் நாக்கு நடுவாந்திரத்தில் தொங்கியது. முதலில் முழுசாக அணைக்க வேண்டும். அணைத்தாள். அப்புறம் எதிர்ப்பக்கம் தள்ள வேண்டும்.

தள்ளினாள்.

டக்.

மேலே மிஷின் பீப் அடித்தது. புஸ்ஸென்று மூச்சு விடத் தொடங்கியது.

"லைட் வந்துடுச்சு!" ஆரின் சிரித்தான். "கெட்டிக்காரி. சரி, பக்கத்துலயே வந்து நிக்கிறியே, இப்பவாவது பேசு. வெர்லா? அதை ஏன் எடுக்கறே? ஏய், மூக்குல இருக்கறதை..."

கட்டில் கிரீச்சிட்டது. ஒரு தரம்.

மிஷின் மட்டும் ஓடியது.

"ஆரின்?"

மிஷின்.

நடையும் இல்லை.

பையிலிருந்து இடது கையை எடுத்தாள். அது முழங்கைவரை மரத்திருந்தது. விரல்கள் எதையோ இறுக்கிப் பிடித்திருந்தன. எப்போது மூடின என்று தெரியவில்லை. வலது கையால் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். டார்ச் வெளிச்சத்தில் நீட்டினாள்.

கண்ணாடி மாதிரி ஆக்ஸிஜன் குழாய். நுனியில் மூக்குக்குள் போகும் இரண்டு குட்டிக் கொம்புகள். உள்ளே அவன் விட்ட மூச்சின் ஆவி, இன்னும் உலராமல்.