முப்பத்தொன்றாம் வில்லை

சுரங்க வாசலில் மாட்டியிருந்த பலகையில் இரண்டு ஆணிகள் வெறுமையாக இருந்தன. ஒன்றுதான் வெறுமையாக இருந்திருக்க வேண்டும்.

கிளைவ் ஹாஸ்கிங் மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். நாலு வரிசையில் நாற்பது ஆணிகள், ஆணிக்கு ஒன்றாக எண் பொறித்த பித்தளை வில்லை. பதினாலாம் வில்லையை மகள் லீயான் கொண்டுபோயிருக்கிறாள். கால் மணி நேரத்துக்கு முன்னால் அவர் கண்ணெதிரேதான் எடுத்தாள். முப்பத்தொன்று எங்கே?

பிற்பகல் மூன்றரை மணி. கைவிடப்பட்ட சுரங்க ஊரான ஹாலரன்ஸ் ரீஃப் வெயிலில் வெளிறிக் கிடந்தது: கூரை போன தபால் ஆபீஸ், முகப்பு மட்டும் நிற்கும் நகர மண்டபம், சுற்றுலாக்காரர்களுக்காக நட்ட விளக்கப் பலகைகள், அவற்றின் மேல் ஈக்கள். கான்கிரீட் வண்டியின் உருளை மட்டும் கரகரவென்று சுழன்றுகொண்டிருந்தது.

அந்தப் பலகையின் முறை எளிது. எளிது என்பதால்தான் இத்தனை காலம் நிலைத்தது. உள்ளே போகிறவன் தன் எண்ணுள்ள வில்லையைப் பையில் போட்டுக்கொண்டு போவான். வெளியே வந்ததும் தன் கையால் திரும்ப மாட்டுவான். தன் கையால் என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. ஏனென்றால் வேலை முடியும் நேரத்தில் பாறைத் துளைகளில் வெடிமருந்து அடைத்துத் தயாராக இருக்கும். வெடி வைக்கிற மேற்பார்வையாளர் யாரையும் தேடமாட்டார், பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார். பலகையைத்தான் பார்ப்பார். எல்லா ஆணியும் நிறைந்திருந்தால் உள்ளே ஆளில்லை, வெடி வைக்கலாம். ஓர் ஆணி காலியாக இருந்தாலும், விடிய விடியக் காத்திருக்க வேண்டியதுதான்.

"யோவ் கிளைவ்!" வண்டியின் நிழலிலிருந்து ட்ரெவ் கத்தினான். கான்கிரீட் வண்டி ஓட்டுவதற்கு முன்னால் அவனும் பத்து வருஷம் சுரங்கத்தில் கிடந்தவன். "பலகையை முறைச்சா உன் பொண்ணு சீக்கிரம் வந்துடுவாளா? சரக்கு இறுகிட்டிருக்கு. இன்னும் அரை மணி போனா என் வண்டியை உளி வச்சுத்தான் கழுவணும்."

"வருவா."

"கூட யாரு போயிருக்கா? ரெண்டு ஆணி காலியா இருக்கே."

"எவனாவது டூரிஸ்ட் எடுத்துட்டுப் போயிருப்பான்."

காலையில் நாற்பதையும் அவரே மெருகேற்றித் துடைத்து மாட்டியிருந்தார். அதைச் சொல்லவில்லை.

சுரங்கத்தை இன்று மூடிவிட வேண்டும். வாசலில் ஓர் அடி இடைவெளி விட்டு இரண்டு பலகைச் சுவர்கள் எழுப்பியாகிவிட்டது. நடுவில் கான்கிரீட்டை இறைத்து நிரப்புவார்கள். அடியில் ஆள் தவழ்ந்து வர ஒரு திறப்பு, மேலே பாறைக்குக் கீழே குழாய் நுழைய ஒரு சாண் இடைவெளி. லீயான் வனவிலங்குத் துறையில் இருக்கிறாள். மூடுவதற்கு முன்னால் உள்ளே வௌவால் இல்லை என்று யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது சட்டம்.

மூடவேண்டும் என்று ஊர்க் கமிட்டியில் விடாமல் வாதாடியவர் கிளைவ். கூரை பலவீனம் என்றார். மற்றவர்களுக்கு மனசில்லை. இன்று நடக்காவிட்டால் அடுத்த மாதம் சுரங்கத்தின் கோடியில் சரிந்து கிடக்கும் கல்குவியலை அகற்றி, சுற்றுலாவை நீட்டுவதாகத் திட்டம்.

கல்குவியலுக்கு அடியில் லெஸ் பாஸ்கோ இருக்கிறான்.

நாற்பத்தோரு வருஷம் ஆயிற்று. அன்று உள்ளே சாப்பாட்டு மேசையில் முப்பத்தொன்றாம் வில்லை கிடந்தது. லெஸ் மறந்துவிட்டு வெளியே போய்விட்டான், மேற்பார்வையாளர் திட்டப்போகிறார் என்று நினைத்து கிளைவ் அதை எடுத்துவந்து மாட்டிவிட்டார். நண்பனுக்கு ஓர் உதவி. பலகை நிறைந்தது. வெடி வைத்தார்கள். லெஸ் குயின்ஸ்லாந்துக்கு ஓடிவிட்டான் என்று ஊர் பேசிக்கொண்டது. கிளைவ் முதல் நாள் வாய் திறக்கவில்லை. இரண்டாம் நாள் திறக்க முடியவில்லை. மூன்று வருஷம் கழித்து லெஸ்ஸின் மனைவி கிளெனிஸைக் கட்டிக்கொண்டார். லெஸ் போனபோது கைக்குழந்தையாக இருந்த லீயான் அவரை அப்பா என்று கூப்பிட்டாள். இருபது வயதில் குயின்ஸ்லாந்துப் பத்திரிகைகளில் எல்லாம் லெஸ்ஸைத் தேடி விளம்பரம் கொடுத்தாள். கிளைவ்தான் அவளுக்கு எழுத்துப்பிழை திருத்திக் கொடுத்தார்.

அதை நினைக்கும்போது ஏதாவது தோன்ற வேண்டும். தோன்றுவதில்லை. பாறையைத் துளைக்கும் இயந்திரத்தைப் பிடித்த கைகளுக்கும் இதேதான் நடந்தது. அதன் அதிர்வு வருஷக்கணக்கில் விரல் நுனி ரத்தக் குழாய்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகடிக்கும். விரல் முதலில் வெளுக்கும், பிறகு மரத்துப்போகும். இப்போது ஒரு பொருள் சூடா குளிர்ச்சியா என்று பார்க்க அவர் அதை உதட்டில் வைத்துத்தான் பார்க்கிறார்.

திறப்பிலிருந்து காற்று வந்தது. கோடையில் சுரங்கம் மூச்சுவிடும். உள்ளே இருக்கும் குளிர்ந்த காற்று கனமானது, தரையோடு வழிந்து வெளியே வரும். அதில் ஈரக்கல் வாசனை இருக்கும். இன்று வேறு ஒன்றும் இருந்தது. இனிப்பாக, தலையைக் கனக்க வைக்கும் வாசனை. வெடித்து ஐந்து நிமிடம் ஆன மருந்துப் புகை.

உள்ளே யாரோ இருமினார்கள்.

முதலில் ஹெல்மெட் வந்தது, பிறகு லீயான் தவழ்ந்து வந்து எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டாள். "ஒரு வௌவால்கூட இல்ல. குவியல் வரைக்கும் போய்ப் பாத்துட்டேன். நீங்க ஏன் உள்ள வந்தீங்க? பின்னாலயே இருமிட்டு வந்தீங்களே."

"நான் இங்கதான் நிக்கிறேன்."

"காத்தா இருக்கும்."

"காத்துக்குச் சளி பிடிக்காதும்மா," என்றான் ட்ரெவ்.

அவள் சிரித்தபடி பதினாலை மாட்டினாள். காலி ஆணியைப் பார்த்தாள். "முப்பத்தொண்ணு அந்த ஆளோட நம்பர்தானேப்பா? ஓடிப்போனவனுக்குப் பின்னால நம்பரும் ஓடிப்போச்சு போல."

கிளைவ் சிரித்துவைத்தார்.

"சரி, இறைக்கலாம்," என்றார்.

ட்ரெவ் அசையவில்லை. "பலகை நிறையல."

"அது வெறும் காட்சிப் பொருள்டா."

"தெரியும். பைத்தியம்னு சொல்லு, பரவால்ல. ஆணி காலியா இருக்கிறப்ப நான் குழாயைத் தொடமாட்டேன். நீயும் தொட்டிருக்கமாட்ட, அந்தக் காலத்துல."

உருளை சுழன்றது. லீயான் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "வேணும்னா இன்னொரு தடவை போய்ப் பாத்துட்டு வரட்டுமா? அந்தக் குவியலுக்குப் பின்னால கொஞ்சம் இடம் தெரிஞ்சுது."

"வேண்டாம்."

குரல் அவருக்கே உரக்கக் கேட்டது. கைக்குட்டை எடுக்கச் சட்டைப்பையில் கை விட்டார். ஏதோ தட்டையாக இடித்தது. வெளியே எடுத்தார்.

முப்பத்தொன்று.

உதட்டில் வைத்துப் பார்த்தார். நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் அது பனிக்கட்டி போல இருந்தது. ஈரமாக இருந்தது. உதட்டில் கல்தூள் ஒட்டியது.

"அட, உன் பையிலேயேவா!" என்று ட்ரெவ் சிரித்தான். "வயசாயிடுச்சு கிழவா."

உள்ளே இருமல். இந்த முறை கிட்டத்தில். சிரிப்பில் மற்றவர்களுக்குக் கேட்கவில்லை.

கையிலிருந்த வில்லையைப் பார்த்தார். போன தடவை தெரியாமல் மாட்டியது. இந்தத் தடவை தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் லீயான் தவழ்ந்து உள்ளே போவாள். எல்லாவற்றையும் பார்ப்பாள். பிறகு அவரை எப்படிக் கூப்பிடுவாள்?

மாட்டினார். ணங் என்றது.

"நிறைஞ்சாச்சு," என்றார்.

ட்ரெவ் கீழ்த் திறப்பில் பலகை வைத்து ஆணி அறைந்தான். கிளைவ் பெட்டி மேல் ஏறிக் குழாயின் முனையை மேல் இடைவெளியில் பிடித்துக்கொண்டார். இறைப்பான் உறுமியது. சாம்பல் சேறு இரண்டு சுவர்களுக்கும் நடுவே தொப்தொப்பென்று விழுந்து ஏறத் தொடங்கியது. முழங்கால். இடுப்பு. மார்பு.

அப்போது வெளிச்சம் தெரிந்தது.

தூரத்தில், பழைய தலைவிளக்கின் மஞ்சள் புள்ளி. ஆடி ஆடி வந்தது. நொண்டிக்கொண்டு நடக்கிற ஆளின் விளக்கு அப்படித்தான் ஆடும். அது நிற்கவில்லை. பெரிதாகிக்கொண்டே வந்தது.

"இன்னும் வேணுமா?" ட்ரெவ்வின் குரல்.

"வேணும்."

விளக்கு உட்சுவரை வந்தடைந்தது. பலகையில் நகங்கள் பற்றும் சத்தம். மேல் இடைவெளியில் முகம் எழுந்தது. ஓர் அடி தூரத்தில். இருபத்தெட்டு வயது. ஒரு நாள்கூட மூப்பில்லை. இமையெல்லாம் கல்தூள்.

"நிறுத்தவா?"

"நிறுத்தாதே."

லெஸ் அவரைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்கு மேலே பார்த்தான். கிளைவ் திரும்பினார். வண்டிப் படியில், வெயிலில், முதுகைக் காட்டியபடி லீயான் ஃப்ளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றியிருந்தாள். நரை ஓடிய கூந்தல் காற்றில் அசைந்தது.

அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

சேறு அவன் தாடைக்கு ஏறியது. வாய்க்கு ஏறியது. அவன் பின்வாங்கவில்லை. மூக்குக்கு ஏறியது. கிளைவ் குழாயைப் பிடித்துக்கொண்டே நின்றார். இப்போது கண்கள் மட்டும் இருந்தன. சாம்பல் நிறம் கீழிமையைத் தொட்டது, விழியின் மேல் மெல்லப் படர்ந்தது.

அவை இமைக்கவில்லை.